பெறுபேறு வந்த பிறகு யாரிடம் கேட்பது?

உயர்தரப் பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழக விண்ணப்பம் கோரும் நாட்களில் வெள்ளவத்தையில் கூட்டம் சேருவது பாடசாலையில் அல்ல, கொமியூனிகேஷன் கடையில். போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்திலுள்ள கணினியில் கடைப்பையன் தட்டிக்கொண்டிருப்பான். பின்னால் வரிசை. "மெடிசினைப் போடுங்கோ தம்பி, பிறகு டென்டல். வேற ஒண்டும் வேண்டாம்" என்கிறார் ஓர் அப்பா. மகள் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு விடுகிறாள். விண்ணப்பம் போய்விடுகிறது.

அந்த ஒரு வசனம் சில வருடங்களை விழுங்கிவிடக்கூடும். விண்ணப்பத்தில் குறிப்பிடாத கற்கைநெறிக்கு எவ்வளவு இசட் புள்ளி இருந்தாலும் தெரிவு கிடையாது. இயன்மருத்துவம், மருந்தாளர் கற்கை, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியியல், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் எல்லாமே உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்குத் திறந்திருப்பவை. பட்டியலில் போடாமல் விட்டால், தன்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவர் அந்த இடத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

கொழும்புப் பிள்ளைக்குப் போட்டி இன்னும் இறுக்கம். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கேற்ப, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீட்டில் படிக்கும் பிள்ளையும், பேர்போன பாடசாலைகளின் பிள்ளைகளும் ஒரே கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியில்தான் மோத வேண்டும். இசட் புள்ளி நான்கு தசமதானம் வரை போகிறது. கடைசித் தானத்தில் வழுக்கியவர் மறுபடி எழுதுவார். அதிகபட்சம் மூன்று தடவை. அதற்குள் வயது இருபத்தொன்றைத் தாண்டிவிடும். ரியூசன் காசு எவ்வளவு போனது என்று வீட்டில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அந்தச் சோர்வில்தான் வெளிநாட்டுக் கல்வி ஏஜென்சிக்காரர் தொலைபேசி எடுக்கிறார். பங்களாதேஷ், ரஷ்யா, சீனா என்று வர்ண வர்ணக் கையேடு. தமிழில், பொறுமையாக, தேநீரும் தந்து பேசுகிறார். எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊர்க்காணியை விற்கப் போகும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டிய மூன்று விடயங்களை அவர் முதலில் சொல்வதில்லை: அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா, பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் குறைந்தபட்சத் தகுதிக்குப் போதுமா, திரும்பி வந்து சபையின் பரீட்சையில் சித்தியடையாமல் உள்ளகப் பயிற்சி கிடையாது என்பது. சபை இருப்பது நோரிஸ் கனல் வீதியில், வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ் தூரம். ஆனால் காசு கட்டுவதற்கு முன் அங்கே போய்க் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாணவர் கைநூலைத் தமிழிலும் வெளியிடுகிறது. நல்ல காரியம். ஆனால் தடித்த புத்தகத்தையும் தேர்வுக் குறியீடுகளையும் கையில் கொடுத்துவிட்டு நீயே பார்த்துக்கொள் என்றால் போதுமா? உயர்தர வகுப்போடு பாடசாலையின் தொடர்பு அறுந்துவிடுகிறது. ரியூசன் ஆசிரியருக்கோ அடுத்த அணி வந்துவிட்டது.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. விண்ணப்பம் திறந்திருக்கும் வாரங்களில் வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று என இரண்டு தமிழ் உதவி மேசைகளைக் கொழும்பு வலயக் கல்வி அலுவலகம் போட வேண்டும். 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க மண்டபம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஏதாவதொரு பாடசாலை மண்டபம் போதும். ஆணைக்குழுவிலிருந்து தமிழ் தெரிந்த ஓர் அலுவலர், மருத்துவ பீடத்திலும் இணை சுகாதாரப் பீடத்திலும் படிக்கும் நாலைந்து மாணவர்கள் வந்திருந்தால், விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் பிள்ளையின் விருப்பப் பட்டியலை ஒருதரம் பார்த்துச் சொல்லலாம். மருத்துவ சபையும் அங்கீகரித்த பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் விதிகளையும் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலை அறிவித்தல் பலகைக்கும் அனுப்ப வேண்டும். அடுத்த பெறுபேறு வருவதற்கு முன் இது நடக்க வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் இப்போதே வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதத் தொடங்கலாம்.