"கேட்ட ஆவணங்கள் பொருத்தமற்றவை"

சென்ற வாரம் பழைய சகா ஒருவரின் மகன் வீட்டுக்கு வந்தான். அவனும் அரசு ஊழியன்தான். கையில் குற்றச்சாட்டு மெமோ. "மாமா, டிரிப்யூனலுக்குப் போய் இதை ரத்து பண்ணிடலாமா?" என்றான்.

அவசரப்படாதே என்றேன். மெமோ தண்டனை அல்ல. அந்தக் கட்டத்தில் நீதிமன்றம் சாதாரணமாகத் தலையிடாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதிகாரம் இல்லாதவர் கொடுத்த மெமோ என்றாலோ, காரணமில்லாமல் காலம் கடத்திக் கொடுத்தது என்றாலோ கதை வேறு. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியப் பொறியாளர் ஒருவருக்கு 1990-இல் நடந்ததற்காக 2000-இல் மெமோ கொடுத்தார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இவன் விஷயத்தில் அப்படி ஒன்றும் இல்லை. "முதலில் உனக்கு எதிரான ஆவணங்களை எழுத்து மூலமாகக் கேள்" என்றேன்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தபோது, ஒரு கொள்முதல் விவகாரத்தில் எங்கள் ஊழியர் ஒருவர் மீது விசாரணை நடந்தது. அவர் ஸ்டாக் ரிஜிஸ்டரையும், மேலதிகாரி ஒப்புதல் தந்த குறிப்புப் பக்கத்தையும் கேட்டார். "கேட்ட ஆவணங்கள் பொருத்தமற்றவை" என்று ஒரே வரியில் பதில் போயிற்று. அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான். ஏன் பொருத்தமற்றவை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் இடத்திலும் இல்லை.

அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். மேல்முறையீடு, அதன் பிறகு சென்னையில் டிரிப்யூனல் என்று நான்கு வருடம் அலைந்தார். ஆவணம் தராததாலேயே தண்டனை ரத்தானது. மறுபடி விசாரிக்க அனுமதி இருந்தது. ஆனால் அதற்குள் அவருக்கு ஓய்வு வயது கடந்துவிட்டது. ரிஜிஸ்டரைக் கரையான் தின்றுவிட்டது. பணம் கிடைத்தது. ஆனால் "இவர் எடுக்கவில்லை" என்று யாரும் கடைசிவரை சொல்லவில்லை. எடுத்திருந்தால் தப்பினார்; எடுக்காதிருந்தால் அந்தக் கறையோடு போய்ச் சேர்ந்தார். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் பலமுறை பேசியிருக்கின்றன. 1986-இல் தீர்ப்பான காசிநாத் தீட்சிதா வழக்கில் 38 சாட்சிகள், 112 ஆவணங்கள். பிரதி தரமாட்டோம், வந்து பார்த்துக்கொள், சுருக்கெழுத்தரை அழைத்து வரக்கூடாது என்று அந்தக் காவல்துறை அதிகாரிக்குச் சொன்னார்கள். அவரது பணிநீக்கம் நிற்கவில்லை. விசாரணை அறிக்கையின் நகலையே தண்டனைக்கு முன் ஊழியருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது 1990-இல் வந்த தீர்ப்பு. 1993-இல் கருணாகர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள்.

பிரெஞ்சில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'தொசியே' என்ற சொல் பழக்கமானது. பிரான்சில் 1904-இல் ஒரு பெரிய ஊழல் வெடித்தது. ராணுவ அதிகாரிகளில் யார் கோவிலுக்குப் போகிறார், யாருக்கு என்ன அரசியல் என்று ரகசியமாகச் சீட்டில் குறித்து வைத்து, அதைப் பார்த்துப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள். மறு வருடமே, 1905 ஏப்ரல் 22 சட்டத்தின் 65-வது பிரிவு வந்தது: ஒழுங்கு நடவடிக்கைக்கு முன் எந்த அரசு ஊழியரும் தன் தொசியே முழுவதையும் பார்க்கலாம். கேட்கும் ஆவணம் ஏன் பொருத்தம் என்று ஊழியர் அங்கே விளக்க வேண்டியதில்லை. இங்கே நமக்குப் பொருந்தும் 1965-ஆம் ஆண்டு சிசிஎஸ் விதிகளில், பட்டியலில் இல்லாத ஆவணம் வேண்டுமென்றால் அதை விளக்கியாக வேண்டும். மறுத்தால் விசாரணை அதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அந்தக் காரணம் எழுதும் இடத்தில்தான் ஒற்றை வரி வந்து உட்காருகிறது.

வண்டி நிறைய ஆவணம் கேட்டு வேண்டுமென்றே இழுத்தடிப்பவர்களும் உண்டு. நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் வாயை அடைக்கவும் வழி அதுதான்: மெமோவோடு பிரதிகளையும் கையில் கொடுத்துவிடுங்கள். ஒன்றை மறுத்தால் அந்த ஒன்றுக்குக் காரணம் எழுதிக் கையெழுத்திடுங்கள். விசாரணையை ஆறு மாதத்தில், தவிர்க்க முடியாவிட்டால் ஒரு வருடத்துக்குள் முடிக்கப் பாருங்கள் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுவரில் ஒட்டி வையுங்கள். தவறு செய்தவன் நுணுக்கம் காட்டித் தப்ப மாட்டான்; செய்யாதவன் நிரபராதி என்ற தீர்ப்போடு வீட்டுக்குப் போவான்.

பையனின் கடிதத்தை என் மேஜையில் வைத்தே எழுதினோம். ஏழு ஆவணங்கள், ஒவ்வொன்றும் ஏன் தேவை என்று ஒவ்வொரு வரி. அதை வாங்கி முத்திரை குத்தப்போகும் கிளார்க் யாரோ தெரியாது. பதில் தட்டச்சு செய்வதற்கு முன் "காரணம் என்ன எழுதட்டும் சார்?" என்று அவராவது ஒரு வார்த்தை கேட்கட்டும்.