அனுமாருக்குச் சாதிச் சான்றிதழ், குழந்தைக்கு அபராதம்

மார்கழி பிறந்துவிட்டால் நாமக்கல் கோட்டைப் பக்கம் வடைப் பேச்சு தொடங்கிவிடும். அனுமன் ஜெயந்தி அன்று 18 அடி ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடைகளைக் கோத்து மாலை சாத்துகிறார்கள். கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் அந்தச் சிலையைப் பார்க்க நிற்கும் வரிசையில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. நம் ஆட்களும் நிற்கிறார்கள், கும்பிடுகிறார்கள், பிரசாத வடையை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யாருடைய பக்தியின் மீதும் நமக்குப் புகார் இல்லை. நகரத்துப் பெரிய கோயிலில் கேட்கப்படாத சாதி, கிராமத்துச் சின்னக் கோயிலில் எப்படிக் கேட்கப்படுகிறது என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

அதற்கு முன், அனுமாரிடமே சாதி கேட்கப்பட்ட கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 2018 நவம்பர் இறுதியில், ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலுக்காக அல்வார் மாவட்டத்தில் பிரசாரம் செய்த உத்தரப் பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத், அனுமார் வனவாசி, வஞ்சிக்கப்பட்டவர், தலித் என்று பேசினார். அடுத்த சில வாரங்கள் வடமாநிலங்களில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ராஜஸ்தானில் ஒரு பிராமணர் அமைப்பு அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. தேசியப் பழங்குடியினர் ஆணையத்தின் அப்போதைய தலைவர் நந்தகுமார் சாய், அனுமார் பழங்குடி என்றார். உத்தரப் பிரதேச அமைச்சர் ஒருவர் ஜாட் என்றார். பா.ஜ.க. மேலவை உறுப்பினர் ஒருவர் முஸ்லிம் என்றார். கிரிக்கெட் வீரராக இருந்து அமைச்சரான சேத்தன் சௌகான், அவர் விளையாட்டு வீரர், சாதியை இழுக்காதீர்கள் என்றார். ஒரு சாதிச் சான்றிதழுக்காக நம் பிள்ளைகள் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடக்கிறார்கள்! அனுமாருக்கு ஒரே மாதத்தில் நான்கைந்து கிடைத்துவிட்டன.

அந்தக் கூத்துக்கு நடுவே இரண்டு குரல்கள் மட்டும் விஷயத்தின் குடுமியைப் பிடித்தன. ஒன்று, பீம் ஆர்மி சந்திரசேகர் ஆசாத்துடையது. அனுமார் தலித் என்றால் அனுமார் கோயில்களை எல்லாம் தலித்துகள் எடுத்துக்கொள்ளட்டும், தலித்துகளே பூசாரிகளாக இருக்கட்டும் என்றார் அவர். மேடையில் சொன்னதற்கு அவர் கேட்ட விலை அதுதான். மற்றொன்று, பஹ்ரைச் தொகுதியின் அன்றைய பா.ஜ.க. எம்.பி. சாவித்ரிபாய் புலேயுடையது. அனுமார் தலித்தாகவும் மனுவாதிகளுக்கு அடிமையாகவும் இருந்தார், அவரும் மனிதர்தானே, அவருக்கு ஏன் வால் வைத்தார்கள், முகத்தை ஏன் கருப்பாக்கினார்கள், ஏன் குரங்காக்கினார்கள் என்று கேட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி, அம்பேத்கர் நினைவு நாளில், கட்சியை விட்டே விலகினார்.

அவர் கேட்டது ஒன்றும் புதிய கேள்வி இல்லை. விமலசூரி என்ற சமண ஆசிரியர் பிராகிருதத்தில் எழுதிய பழைய ராமகதையில் வானரர்கள் குரங்குகளாக வருவதில்லை. குரங்கைக் கொடியில் வைத்திருந்த வித்தியாதர குலத்தார் என்கிறது அந்த நூல். ஒரு கூட்டத்தாரின் அடையாளச் சின்னம் அவர்கள் உடம்பிலேயே வாலாக முளைத்தது எப்படி என்பதை யோசிக்க வேண்டியவர்கள் யோசிக்கட்டும்.

வால்மீகி சொல்லும் கதைக்கு வருவோம். கிஷ்கிந்தா காண்டத்தில், சுக்ரீவன் அனுப்ப, துறவி வேடத்தில் வந்து அனுமார் பேசுகிறார். கேட்ட ராமன் தம்பியிடம் வியக்கிறான்: வேதங்களைக் கற்காதவரால் இப்படிப் பேச முடியாது, இலக்கணத்தைப் பலமுறை பயின்றிருக்க வேண்டும். சொல்லின் செல்வன் என்ற பெயர் தமிழில் அவருக்கு நிலைத்துப் போனதும் இந்தப் பேச்சுக்காகத்தான். காட்டில் வாழ்ந்த ஒருவரின் கல்வி இங்கே கொண்டாடப்படுகிறது. நல்லது.

அதே ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் சம்பூகன் வருகிறான். சூத்திரன். தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிறான். அவன் தவம் செய்ததால்தான் ஒரு பிராமணரின் பிள்ளை இறந்தது என்று சொல்லப்பட, ராமன் தேடிப்போகிறான், யார் என்று கேட்கிறான், பதில் வந்ததும் தலையை வெட்டுகிறான். உத்தர காண்டம் பிற்சேர்க்கை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்வதை அறிவோம். சேர்த்தவர்களுக்கு இந்தக் கதை எதற்குத் தேவைப்பட்டது என்பதே நம் கேள்வி. தண்டனை இல்லாமல் வருணத்தைக் காப்பாற்ற முடியாது என்பதற்குச் சாட்சியாகத்தான் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் சம்பூகனை எடுத்துப் பேசினார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனுமார் கற்ற கல்வி அரசனின் தூதுக்குப் பயன்பட்டது, சன்னதி கிடைத்தது. சம்பூகன் செய்த தவம் அவனுக்காகவே செய்யப்பட்டது, வாள் கிடைத்தது. துளசிதாசர் பாடியதாகச் சொல்லப்படும் அனுமன் சாலிசாவில் அனுமாரின் தோளில் பூணூலும் இருக்கிறது. சேவகம் முழுமையடைந்தால் பூணூல்கூடக் கிடைக்கும் போலிருக்கிறது.

நம் இளைஞர்களின் பயிற்சி முகாம்களில் அடிக்கடி சொல்லப்படும் அனுமார் கதை வேறு. சின்ன வயதில் செய்த குறும்புக்கு முனிவர்கள் சாபமிட, தன் பலத்தையே மறந்துபோனவர் அவர். கடற்கரையில் எல்லாரும் கைபிசைந்து நிற்கும்போது சாம்பவான்தான் நீ யார் தெரியுமா என்று நினைவூட்டுகிறான். பலத்தை மறக்கடிக்கப்பட்டவர்கள் நாம், நினைவூட்டிய சாம்பவான் பாபாசாகேப் என்று பேச்சாளர்கள் முடிப்பார்கள், கைதட்டல் எழும். நாமும் தட்டியிருக்கிறோம். ஆனால் வீட்டுக்கு வந்தபின் ஒன்று உறுத்தும். நினைவு திரும்பிய பலத்தோடு கடல் தாண்டியவர் தனக்கென்று எதைக் கேட்டார்? பாபாசாகேப் நினைவூட்டியது அந்த மாதிரிப் பலத்தை இல்லை. 1930 மார்ச்சில் நாசிக்கில் காலாராம் கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டு ராமனின் வாசலிலேயே போராட்டத்தைத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் நடந்தும் கதவு திறக்கவில்லை. 1935-இல் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். வாசலில் எத்தனை நாள் நிற்பது என்பதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

இப்போது கிராமத்துக்குப் போவோம். 2021 ஏப்ரலில், திருமலையில் உள்ள அஞ்சனாத்ரியே அனுமார் பிறந்த இடம் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் அறிவித்தது. கர்நாடகம் கொதித்தது. கொப்பள் மாவட்டம் ஆனெகுந்தி அருகே இருக்கும் அஞ்சனாத்ரி மலைதான் பிறப்பிடம், கிஷ்கிந்தை எங்களுடையது என்றார்கள். இரண்டு மாநிலங்களும் புராணத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டு செப்டம்பரில், அதே கொப்பள் மாவட்டத்தின் மியாப்பூர் கிராமத்தில், இரண்டு வயதுத் தலித் குழந்தை ஒன்று அனுமார் கோயிலுக்குள் ஓடிவிட்டது. அன்று அதற்குப் பிறந்தநாள். அங்கே தலித்துகள் வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். அப்படிக் கும்பிடத்தான் அப்பா கூட்டிப்போயிருந்தார். தூறல் போட்டது, குழந்தை உள்ளே ஓடியது. கோயிலைச் சுத்தம் செய்ய அந்தக் குடும்பம் 20,000 ரூபாய்க்கும் மேல் கட்ட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கூடிச் சொன்னார்கள். பகை வந்துவிடும் என்று குடும்பம் புகார் கொடுக்கத் தயங்கியது. அதிகாரிகள் தலையிட்ட பிறகே வழக்குப் பதிவாகி ஐந்து பேர் கைதானார்கள்.

அனுமார் தலித் என்று மேடையில் அறிவிக்கப்பட்டு அப்போது மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை.

கர்நாடகத்தைச் சொல்லிவிட்டு நம் மண்ணை விட்டுவிடுவது நியாயமாகாது. நம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். ஊருக்குள் ஆஞ்சநேயர் கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய் வரி. காலனி இளைஞர்களும் தலைக்கட்டுக்கு 2,000 வசூலித்து, கோயில் கமிட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கமிட்டி பணத்தை வாங்கிக்கொண்டது, ரசீதும் கொடுத்தது. அதில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தது. ஊராருக்குக் கொடுத்த ரசீதுகளில் ‘வரி’ என்று இருந்தது.

இதில் என்ன வந்துவிட்டது, பணத்தை வாங்கிக்கொண்டார்களே என்று கூட வந்த நண்பர் கேட்டார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த காலனிப் பெரியவர்தான் விளக்கினார்: “வரி குடுத்தவன் கணக்குக் கேப்பானுங்க தம்பி. நன்கொடை குடுத்தவன் கும்புட்டுப்போட்டுப் போயிருவான்.”

வரி கொடுப்பவர் ஊர்க்கூட்டத்தில் உட்காரலாம், திருவிழா நாள் குறிப்பதில் வாய் திறக்கலாம், தீர்த்தமும் சடாரியும் முறைப்படி வாங்கலாம், சாமி புறப்பட்டால் தன் தெருவுக்கும் வரச்சொல்லிக் கேட்கலாம். அதனால்தான் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் நம்மிடம் வரி வாங்குவதில்லை. கோயிலுக்குள் விடாமல் தடுத்தால், ஊர்வலத்தில் சேரவிடாமல் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் தெளிவான பிரிவு இருக்கிறது. ரசீதில் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று காவல் நிலையத்தில் கேட்டார்களாம். இளைஞர்களிடம் பதில் இல்லை. நம்மிடமும் உடனே இல்லை.

கருவறை வரைக்கும் சட்டம் போன மாநிலம் இது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970-லேயே சட்டம் போட்டோம். 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற அனைத்துச் சாதி அர்ச்சகர்களுக்குப் பணி ஆணை தரப்பட்டபோது அவர்களில் ஐந்து பேர் தலித்துகள். ஐந்து என்பது சின்ன எண் என்றாலும் அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு வழக்கு இருக்கிறது. அந்த ஆணை அறநிலையத் துறைக் கோயில்களுக்கு. ஊர்க் கமிட்டி கையில் சாவி இருக்கும் கோயிலின் ரசீதுப் புத்தகம் வரை அது வருவதில்லை.

காலனி இளைஞர்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவை எழுதும்போது தீண்டாமை, அரசியல் சட்டம் 17-ஆம் பிரிவு எல்லாவற்றையும் சேர்த்து நான்கு பக்கம் எழுதலாம் என்று நாம் சொன்னோம். வேண்டாம் என்றுவிட்டார்கள். ரசீதின் நகலை இணைத்து, ‘நன்கொடை’ என்பதை அடித்துவிட்டு ‘வரி’ என்று எழுதித் தர வேண்டும் என ஒற்றை வாக்கியத்தில் முடித்திருக்கிறார்கள். கோட்டாட்சியர் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்திருக்கிறார். கும்பாபிஷேகத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.