ஒரு சிட்டிகைச் சேறும் ஊர்ப் பதிவேடும்

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தார்களே, நினைவிருக்கிறதா? கொட்டாம்பட்டியில் எடுத்த மாதிரியாக இருந்தாலும் சென்னையில் எடுத்ததாக இருந்தாலும், அந்த பி.சி.ஆர். சோதனைக்குக் கைகொடுத்தது வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியா!

1966-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அதைக் கண்டெடுத்தார்கள். பெயர், தெர்மஸ் அக்வாட்டிகஸ். கை வைத்தால் கொப்பளித்துவிடும் 70 டிகிரி சூடுதான் அதற்குச் சுகம்.

1983-ல் காரி முல்லிஸ் டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையை யோசித்தார். ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். சாதாரண நொதி, முட்டையின் வெள்ளைக்கரு போல வெந்து வீணாகிவிடும். வெந்நீர் பாக்டீரியாவின் நொதியோ அசரவில்லை. முல்லிஸுக்கு 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஊற்றைச் சுற்றிய மண்ணும் சாதாரணமானதல்ல. கொதிக்கும் வாயருகே தாக்குப்பிடிப்பவை சில இனங்களே. தள்ளிப்போகப் போகச் சூடு குறையும், இனங்கள் பெருகும். கந்தகத்தைத் தின்று வாழ்பவையும் அவற்றில் உண்டு. இமாசலப் பிரதேசத்தின் மணிகரண் ஊற்றில் அரிசி, பருப்பையே வேகவைக்கிறார்கள். அங்கேயும் டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிய பாக்டீரியா ஒன்றைக் கண்டு, தெர்மஸ் பார்வதியென்சிஸ் என்று பெயரிட்டார்கள்.

சரி, லாபம் யாருக்கு? பி.சி.ஆர். உரிமையை 1991-ல் ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பாக்டீரியாவைத் தந்த பூங்காவுக்கு அதில் ஒரு காசுகூட வரவில்லை.

நம் நாட்டில் இதற்காகவே 2002-ல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செடி, விலங்கோடு நுண்ணுயிரும் அதில் அடக்கம். உயிர்வளத்தை எடுத்து வணிகம் செய்தால் பலனில் பங்கு தர வேண்டும். ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும்.

கொட்டாம்பட்டியில் வெந்நீர் ஊற்று இல்லைதான். வெயிலில் தகிக்கும் பாறையும் கண்மாய் வண்டலும் இருக்கின்றனவே! அவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் குடியிருக்கின்றன. எது எப்போது யாருக்கு மருந்தாகும் என்று யார் கண்டது? அடுத்த கிராம சபைக்குப் போனால், 'நம் ஊர்ப் பதிவேடு எங்கே?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.