புரதத்தை நிறுத்தாதீர்கள், அளந்து கொடுங்கள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் யாருக்காவது ‘கிட்னி பழுது’ என்று தெரியவந்தால், அன்று மாலையே சமையலறை மாறத் தொடங்கிவிடுகிறது. முதலில் மீன் நிற்கிறது. அடுத்து முட்டை, பிறகு பருப்பு. பக்கத்து வீட்டு அன்ரி சொன்னதற்காகக் கீரை போகிறது. கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசிய மருமகன் சொன்னதற்காகத் தேங்காய்ப்பால் போகிறது. சில மாதங்களில் நோயாளியின் கோப்பையில் எஞ்சுவது வெள்ளைச் சோறும் புடலங்காய்க் கறியும்தான்.

வீட்டாரின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அக்கறையே நோயாளியை மெலியச் செய்கிறது. சிறுநீரக நோயாளிக்கும் புரதம் வேண்டும்; நோயின் கட்டத்தையும் உடல் நிறையையும் பார்த்து அதை அளந்து கொடுக்க வேண்டும். எவ்வளவு, எதிலிருந்து என்ற இரண்டு கேள்விகளுக்கும் நம் வீட்டுச் சமையலை வைத்தே தமிழில் விடை சொல்லும் ஏற்பாடு கொழும்பின் ஒவ்வொரு சிறுநீரகக் கிளினிக்கிலும் இருந்தாக வேண்டும்.

புரதத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் உண்ணும் புரதம் உடலில் சிதையும்போது யூரியா போன்ற கழிவுகள் உண்டாகின்றன. பழுதுபட்ட சிறுநீரகத்தால் அவற்றை முழுமையாக வெளியேற்ற முடியாததால் குமட்டல், அரிப்பு, சோர்வு வருகின்றன. 1964இல் இத்தாலியின் பீசா நகரில் ஜியோவனெட்டியும் மஜியோரேயும், சிறிதளவு ஆனால் தரமான புரதம் கொடுத்து இந்த உபாதைகளைத் தணிக்கலாம் என்று காட்டினார்கள். டயலிசிஸ் இயந்திரம் அரிதாக இருந்த காலம் அது. அதிகப் புரதம், சிறுநீரகத்தில் எஞ்சியுள்ள வடிகட்டிகளின் மீது அழுத்தத்தைக் கூட்டி அவற்றையும் தேய்க்கிறது என்ற கருத்தை 1982இல் அமெரிக்காவில் பிரெனரும் அவருடைய சகாக்களும் முன்வைத்தார்கள். 1994இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு, கட்டுப்பாட்டினால் எதிர்பார்த்த அளவுக்குத் தெளிவான பலனைக் காட்டவில்லை. அதன் பிறகு விஞ்ஞானம் நிதானத்துக்கு வந்துவிட்டது. 2024இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, நோய் மத்திய கட்டத்துக்கு வந்தவர்களுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்ற அளவைப் பேணச் சொல்கிறது. 2020இன் அமெரிக்க வழிகாட்டி இன்னும் இறுக்கமானது: நீரிழிவு இல்லாதவர்களுக்கு 0.55 முதல் 0.6 கிராம், நீரிழிவு உள்ளவர்களுக்கு 0.6 முதல் 0.8 கிராம். அதுவும் நெருங்கிய கண்காணிப்பின் கீழ்தான்.

60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு 0.8 என்றால் நாளுக்கு 48 கிராம், 0.6 என்றால் 36 கிராம். இரண்டுமே வெறும் சோற்றாலும் புடலங்காயாலும் எட்டக்கூடிய அளவுகள் அல்ல.

வெறும் சோற்றோடு நிற்கும் நோயாளிக்கு ஓர் ஏமாற்றமும் காத்திருக்கிறது. சிறுநீரகத்தின் நிலையை அறியக் குருதியில் பார்க்கும் கிரியேட்டினின் உருவாவது தசையிலிருந்து. போதிய உணவில்லாமல் தசை கரைந்தால் குருதியில் அதன் அளவும் இறங்கக்கூடும். அறிக்கையைப் பார்த்த வீட்டார், பத்தியம் பலித்துவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்குவார்கள். உண்மையில் சிறுநீரகம் முன்பிருந்த நிலையிலேயே இருக்கும். தோளும் தொடையும்தான் கரைந்திருக்கும். சோற்றையும் சேர்த்துக் குறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சக்தி போதாதபோது உடல் தன் புரதத்தையே விறகாக எரிக்கும், அதிலிருந்தும் யூரியா பிறக்கும். அதனால்தான் கிலோவுக்கு 25 முதல் 35 கலோரி வரை உணவு கட்டாயம் வேண்டும் என்று வழிகாட்டிகள் வலியுறுத்துகின்றன.

டயலிசிஸ் தொடங்கும் நாளில் கணக்கு தலைகீழாகிறது. இதைத்தான் பல குடும்பங்கள் அறியாமல் இருக்கின்றன. இயந்திரம் கழிவுகளை அகற்றும்போது புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் அவற்றோடு போய்விடுகின்றன. ஆகவே டயலிசிஸ் செய்பவருக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை, அதாவது அதே 60 கிலோ மனிதருக்கு 60 முதல் 72 கிராம் வரை தேவை. நேற்றுவரை ‘மீன் தொடாதே’ என்று கேட்டவர் இன்று இரண்டு மடங்கு வரைகூடப் புரதம் சாப்பிட வேண்டும். பழைய பத்தியத்தையே விடாமல் பிடித்துக்கொண்டால் குருதியிலுள்ள அல்புமின் என்ற புரதம் இறங்கும், கிருமித் தொற்று எளிதில் வரும், இயந்திரத்திலிருந்து எழுந்தவருக்கு வீட்டுப் படியேறவும் முடியாமல் போகும்.

இலங்கையில் சிறுநீரக நோய் என்றாலே பேச்சு அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் போய்விடும். 1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடம் கண்டறியப்பட்ட, காரணம் துலங்காத அந்த நோய்க்கு நாட்டின் கவனம் கிடைத்தது நியாயமே. கொழும்பின் கதை வேறு. இங்கே சிறுநீரகத்தை அரிப்பவை பெரும்பாலும் சீனி வருத்தமும் பிறசரும்தான். நாட்டின் வயதுவந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2005-06 ஆய்வு சொன்னது. 2018-19இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வில் அது 23 வீதமாக இருந்தது. மாளிகாவத்தையில் உள்ள தேசிய சிறுநீரக, டயலிசிஸ், மாற்றுச் சிகிச்சை நிறுவனம் கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே போகவேண்டி வருவதைத் தள்ளிவைக்கும் வாய்ப்பு, மருந்தோடு சேர்த்து, இந்த வீடுகளின் அடுப்படியிலும் இருக்கிறது.

அந்த அடுப்படியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். கொட்டாஞ்சேனையில் மீன் சாப்பிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அரிசி, இடியப்ப மா, பாண் என்று நாள் முழுதும் 250 கிராம் தானியம் சேர்ந்தால் அதிலேயே 17 கிராம் அளவில் புரதம் வந்துவிடுகிறது. மரக்கறிகளில் ஒரு 5 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 50 கிராம் மீனில், அது சூரையோ பாரையோ சாளையோ, சுமார் 10 கிராம். உலர்ந்த நிலையில் 30 கிராம் மைசூர்ப் பருப்பில் 7 கிராம். மொத்தம் 45. டயலிசிஸ் தொடங்காத 60 கிலோ மனிதருக்கு இது சரியான அளவு. மீனையோ முட்டையையோ பருப்பையோ நிறுத்தத் தேவையே இல்லை. மீன் துண்டு 50 கிராமை விடப் பெரிதாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதே மனிதர் டயலிசிஸுக்குப் போனால் மீனை 100 கிராமாக்கி, இரண்டு முட்டை வெள்ளைக்கருவைக் கூடுதலாகச் சேர்த்தால் 60ஐத் தாண்டிவிடலாம்.

வெள்ளவத்தையின் சைவக் குடும்பத்துக்குக் கணக்கு கொஞ்சம் நுணுக்கமானது. மயூரபதி அம்மனைக் கும்பிட்டு, செவ்வாய் வெள்ளி பார்த்து, கந்தசஷ்டி பிடிக்கும் வீடுகளில் முட்டைகூட அடுப்படிக்குள் வராது. அதை மாற்றச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, மாற்றத் தேவையுமில்லை. தானியத்தில் 17, மரக்கறியில் 5, 40 கிராம் பருப்பில் 9, தோசைக்குப் போகும் 20 கிராம் உழுந்தில் 5, ஒரு சிறு கிண்ணம் தயிரில் 4 என்று கூட்டினால் 40 வருகிறது. 36க்கும் 48க்கும் நடுவில் இது அழகாகப் பொருந்துகிறது. அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. சோறும் பருப்பும், இட்லியும் சாம்பாரும் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்வதால் சைவச் சாப்பாட்டுப் புரதம் தரம் குறைந்தது என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

‘பருப்பில் பொஸ்பரசு அதிகம், நெருங்காதே’ என்ற எச்சரிக்கையையும் மறுபடி எடைபோட வேண்டும். தானியத்திலும் பருப்பிலும் உள்ள பொஸ்பரசில் பெரும்பகுதி பைற்றேற் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் போதிய அளவு இல்லாததால், இறைச்சியிலும் பாலிலும் இருப்பதைவிடக் குறைந்த பங்கே குருதிக்குள் போகிறது. 2011இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஷாரன் மோ தலைமையிலான குழு ஒன்பது நோயாளிகளுக்கு ஒரு வாரம் சைவ உணவும் ஒரு வாரம் இறைச்சி உணவும் கொடுத்துப் பார்த்தது. இரண்டிலும் புரதமும் பொஸ்பரசும் ஏறத்தாழச் சமம். ஆனாலும் சைவ வாரத்தில் குருதிப் பொஸ்பரசு குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் பருப்பின் மீதிருந்த பழியை அது வெகுவாகக் குறைத்தது.

குருதியில் பொற்றாசியம் கூடியவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பருப்பை ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத் தாளித்தால் பொற்றாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். கட்டித் தேங்காய்ப்பாலுக்குப் பதில் சிறிதளவு தண்ணிப் பால் சேர்க்கலாம். முட்டையில் வெள்ளைக்கரு தனிச் சிறப்புடையது: ஒன்றில் 3.6 கிராம் புரதம், பொஸ்பரசோ 5 மில்லிகிராம் அளவுதான். மஞ்சள் கருவில் 60 மில்லிகிராமுக்கு மேல். டயலிசிஸ் செய்யும், முட்டை சாப்பிடும் ஒருவருக்கு இதைவிட மலிவான நல்ல புரதம் காலி வீதியின் எந்தக் கடையிலும் கிடைக்காது.

உண்மையான ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. கருவாடும் நெத்தலியும் சம்பலுக்குப் போடும் மாசியும் புரதம் நிறைந்தவைதான். ஆனால் உப்பில் ஊறிய கருவாட்டின் ஒரு சிறு துண்டே, நாளுக்கு 5 கிராம் என்ற உப்பின் எல்லையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். டின் மீனிலும் உப்பு உண்டு. சைவ வீடுகளில் இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கும் சோயா மீட் உலர்ந்த நிறையில் பாதியளவு புரதம். டயலிசிஸ் செய்யும் சைவருக்கு அது பெரிய உதவி. ஆனால் பொதியோடு வரும் சுவையூட்டித் தூளைக் குப்பையில் போட்டுவிட்டு, சோயாவைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து, வீட்டுத் தூளில் சமைக்க வேண்டும். அதிலும் பொற்றாசியம் கணிசமாக உண்டு என்பதால் அளவு தேவை.

எல்லாவற்றிலும் மோசமானவை சொசேஜும் மீட்போலும், பதப்படுத்திய சீஸும். அவற்றில் சேர்க்கப்படும் பொஸ்பேற்று உப்புகள் எதனோடும் கட்டுண்டவை அல்ல, ஏறக்குறைய முழுவதும் குருதிக்குள் போய்விடுகின்றன. பொதியின் பின்புறம் 339, 450, 451, 452 போன்ற எண்களாக அவை ஒளிந்திருக்கும். இலங்கை 2016இல் மென்பானங்களின் சீனிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. பின்னர் திண்ம உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்புக்கும் அதை விரிவாக்கியது. பொஸ்பேற்று சேர்த்த உணவுகளுக்கும் எல்லோருக்கும் புரியும் ஓர் அடையாளம் வேண்டும். எண்களை மனப்பாடம் செய்யும் சுமையை நோயாளியின் தலையில் வைக்கக் கூடாது.

விலையைப் பேசாமல் புரதத்தைப் பேச முடியாது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு போனது. பணவீக்கம் பின்னர் தணிந்தாலும் பழைய விலைகள் திரும்பி வரவில்லை. இந்த நெருக்கடியில், வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் புரதத் தூள் டின்னை நம்பி இருப்பதும் சரியல்ல. உடற்பயிற்சி செய்பவர்களுக்காகச் செய்த தூளைச் சில கரண்டி கலந்தாலே டயலிசிஸ் தொடங்காதவரின் நாளளவு தாண்டிவிடலாம். வைத்தியர் பார்க்காமல் அந்த டின்னைத் திறக்கக் கூடாது.

இத்தாலியின் பல பிராந்தியங்களில் சிறுநீரக நோயாளிக்கென்று புரதம் அகற்றிய பாஸ்தாவையும் பாணையும் அரச சுகாதாரச் சேவையின் செலவிலேயே பெறமுடிகிறது. தன் அன்றாட உணவை விடாமலே நோயாளி பத்தியம் காக்கட்டும் என்பதே அதன் நோக்கம். நமக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. கிளினிக்கில் ஒரு போசணை ஆலோசகரின் அரை மணி நேரமும், இட்லி எத்தனை, பருப்பு எத்தனை மேசைக்கரண்டி, மீன் துண்டு எவ்வளவு என்று படத்தோடு விளக்கும் ஒரு தமிழ்த் தாளும் போதும். டயலிசிஸுக்கு முன் ஒரு தாள், பின் இன்னொரு தாள், சைவருக்குத் தனித் தாள். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஒரு நோயாளிக்கு அந்த உரிமை மிகவும் தேவைப்படும் இடம், தான் என்ன சாப்பிடலாம் என்று கேட்கும் மேசைதான்.

அந்தத் தாள் கைக்கு வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: அப்பாவின் நிறைக்கு நாளுக்கு எத்தனை கிராம் புரதம்? அவருடைய பொற்றாசியமும் பொஸ்பரசும் இப்போது கூடியிருக்கின்றனவா? அல்புமினும் உடல் நிறையும் சென்ற முறையைவிட இறங்கியிருக்கின்றனவா? விடைகளைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். கையில் அந்த எண்கள் வந்தபிறகுதான் பருப்பைக் குறைப்பதா கூட்டுவதா என்று வீட்டில் முடிவெடுக்க வேண்டும்.