கதை விடுகிற அப்பாக்கள்

‘பிக் ஃபிஷ்’ படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பொய் சொல்லியே காலத்தை ஓட்டிய அப்பனுக்கு வக்காலத்து என்பது ஒரு கட்சி. வறட்டு உண்மையைவிட அழகான பொய்யே மேல் என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே படத்தைப் பாதிதான் பார்த்திருக்கின்றன என்பேன்.

டேனியல் வாலஸ் 1998இல் எழுதிய நாவலை டிம் பர்ட்டன் 2003இல் படமாக்கினார். அலபாமாவைச் சேர்ந்த எட்வர்ட் ப்ளூம், ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர். மகன் பிறந்த நாளன்று கல்யாண மோதிரத்தையே இரையாகப் போட்டுப் பெரிய மீனைப் பிடித்தேன் என்பார். மகன் வில்லின் கல்யாணத்திலும் அதே மீன் கதைதான். மகன் வெறுத்துப்போகிறான். மூன்று வருஷம் இருவருக்கும் பேச்சே இல்லை.

அப்பா சாகக் கிடக்கும்போது குடும்ப மருத்துவர் மகனிடம் நடந்ததைச் சொல்கிறார்: நீ சிக்கலில்லாமல் பிறந்தாய், உன் அப்பா அன்று வியாபார விஷயமாக விச்சிடாவில் இருந்தார். இதைவிட மீன் கதையே எனக்குப் பிடிக்கும் என்கிறார் மருத்துவர். ‘அழகான பொய்’ கட்சி இந்த இடத்தில் கைதட்டும். நான் கேட்கிறேன்: அந்த ஒரு நாளுக்கு மட்டும் அப்பாவுக்கு எதற்கு அவ்வளவு பெரிய மீன்? அன்று அவர் மகன் பக்கத்தில் இல்லை. அதான். எங்கே வலித்ததோ அங்கேதான் கதை வீங்குகிறது.

எனக்கு இது லேட்டாகத்தான் உறைத்தது. என் அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. 2019இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அரத்தால் ராவி ராவிக் கையாலேயே செய்கிற அதே பூட்டு. "கள்ளச்சாவி போட்டா கத்தி பாயுற பூட்டு ஒண்ணு செஞ்சேன்டா. ஒரு திருடனுக்கு விரலே போச்சு" என்பார். பத்தாவது படிக்கும்போது, பட்டறையில் நாலு பேர் முன்னால், "சும்மா கதை விடாதீங்கப்பா" என்றேன். அவர் குனிந்து ராவ ஆரம்பித்தார். அந்தப் பூட்டைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

அவர் இறந்த அன்று, கூட வேலை பார்த்தவர் சொன்னார்: "அந்தப் பூட்டு நெசந்தான் தம்பி. ஸ்பிரிங் மாட்டுறப்ப கத்தி தெறிச்சு உங்க அப்பா விரல்தான் போச்சு. மொதலாளி ஒத்தப் பைசா குடுக்கல." அப்பாவின் இடது ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. பிறவியிலேயே அப்படி என்றுதான் நினைத்திருந்தேன்.

ப்ளூமின் இறுதிச் சடங்குக்கும் கதைமாந்தர்கள் வருகிறார்கள். ராட்சதன் சொன்ன அளவுக்கு இல்லை, ஆனாலும் நெட்டையன்தான். ஒட்டிப் பிறந்ததாகச் சொன்ன சகோதரிகள் தனித்தனியாக வருகிறார்கள், ஆனாலும் இரட்டையர்தான். இதைப் பார்த்த பிறகும் ‘பொய்யன்’ என்கிற கட்சிக்குக் கண் இல்லை. ‘அழகான பொய்’ கட்சியோ இன்னும் ஆபத்து. நானும் அப்பா கதையை ரசித்துவிட்டுப் போயிருந்தால், ஒத்தப் பைசா தராத முதலாளிக்குத்தான் சௌகரியம்.

தமிழில் பொய்க்கே ‘கதை’ என்று பேர் வைத்துவிட்டோம். கதை விடாதே, கதை அளக்காதே என்று சொல்பவனை அதட்டுகிறோம். கேட்பவனுக்கும் ஒரு வேலை உண்டு என்று நினைப்பதில்லை. வில் அதைச் செய்தான்: அப்பாவின் கடைசிக் கதையை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவனே சொல்லி முடித்தான். எனக்கு அது வாய்க்கவில்லை. இப்போது என் மகளிடம் அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லும்போது திருடன் விரலையும் சொல்கிறேன், தாத்தா விரலையும் சொல்கிறேன்.