கவனத்தையும் பழக்க வேண்டும்

பாடசாலை வலைப்பந்துப் போட்டிகளில் மைதான ஓரத்திலிருந்து அடிக்கடி கேட்கும் சொல் "கவனம்!" என்பதுதான். ஆசிரியை சொல்வார், தோழிகள் கத்துவார்கள், பார்க்க வந்த உம்மாமாரும் சேர்ந்துகொள்வார்கள். ஆனால் எப்படிக் கவனமாக இருப்பது என்று பயிற்சி நாட்களில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஓடவும் பந்தை எறியவும் பழக்குகிறோம். கவனத்தை மட்டும் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இது நியாயமில்லை என்பதே என் கருத்து.

இந்த விளையாட்டு எவ்வளவு கவனத்தைக் கேட்கிறது என்று பாருங்கள். சர்வதேசப் போட்டி 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கும். பந்தைப் பிடித்தவர் 3 செக்கன்களுக்குள் அதைக் கைமாற்றவோ எறியவோ வேண்டும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தில் உள்ளதைப் போலப் பின்பலகை கிடையாது. ஏழு பேரில் கோல் சூட்டரும் கோல் அட்டாக்கும் மட்டுமே கோல் போடலாம். அந்த 3 செக்கன்களில் மனம் போன முறை தவறிய கோலிலோ புள்ளிக் கணக்கிலோ நின்றால், ஆயிரம் தடவை பழகிய கையும் பிசகும்.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். 2009இலும் 2018இலும் ஆசியச் சம்பியனான இலங்கை அணியில் விளையாடியவர். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் உயரத்தைத்தான் சொல்கிறார்கள். பந்தைப் பிடிக்க உயரம் உதவும். எதிரணி முழுவதும் தன்னையே சுற்றி நிற்கும்போது, கடைசிப் பகுதியிலும் முதல் பந்தைப் போலவே அமைதியாக எறிய உயரம் மட்டும் போதாது.

மனதைப் பழக்குவதற்கென்றே ஆள் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக சதுரங்கச் சம்பியனானார். 14ஆவதும் கடைசியுமான ஆட்டம் சமநிலையில் முடியும் என்றே பலரும் நினைத்திருந்த நேரத்தில், டிங் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். குகேஷ் அதை விட்டுவிடவில்லை. அவருடைய மனப்பயிற்சியாளர் தென்னாபிரிக்காவின் பாடி அப்டன். 2011 உலகக் கிண்ண இறுதியில் நம் நாட்டைத் தோற்கடித்த இந்திய கிரிக்கெட் அணியோடும் பணியாற்றியவர் இவர்.

அப்படி ஒருவரை அழைக்க நம் பாடசாலைகளிடம் பணமில்லை. ஆனால் பயிற்சியின் அடிப்படை எளியது. ஒரு மணி நேரம் முழுவதும் மனதை இறுக்கிப் பிடித்து வைக்க எவராலும் முடியாது. பந்து வெளியே போகும்போது சற்றுத் தளர விட்டு, மீண்டும் கூப்பிட்டுக்கொள்ளத்தான் பழக வேண்டும். தொழுகையில் அலையும் மனதைத் திருப்பிக் கொண்டுவர முயலும் நமக்கு இது புதிய விஷயமல்ல.

அதற்கு மூன்று வழிகளைச் சொல்வேன். முதலாவது, எறியும் முன் எப்போதும் ஒரே ஒழுங்கு: கால்களைச் சரிசெய்தல், ஒரு மூச்சு, வளையத்தில் ஒரே இடத்தைப் பார்த்தல். இரண்டாவது, கோல் தவறினால் மனதுக்குள் சொல்ல ஒரு சொல். "அடுத்தது" என்பதே போதும். மூன்றாவது, சிரமமான நேரத்தில் பழகுதல். மைதானத்தைச் சுற்றி ஓடிக் களைத்த பிறகு, தோழிகள் சத்தம் போட, பத்துப் பந்துகள் எறிய வேண்டும். கச்சான் காற்று மண்ணை வாரி வீசுவதும் துறைமுகத்தில் கப்பல் ஊதுவதும் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் இடைஞ்சல்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பெற்றோரிடமும் இரண்டு விடயங்கள் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை பந்தோடு வளையத்தைப் பார்த்து நிற்கும் நேரத்தில் தயவுசெய்து கத்தாதீர்கள். "கவனம்" என்ற அந்தச் சத்தமே அவளுடைய கவனத்தை உங்கள் பக்கம் இழுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் எத்தனை கோல் தவறியது என்று முதலில் கேட்காதீர்கள். அடுத்த போட்டியில் அந்தக் கேள்வியும் அவளோடு மைதானத்துக்கு வரும்.

சாதாரண தரம் முடிந்ததும் பல வீடுகளில் விளையாட்டை நிறுத்திவிடுகிறார்கள். படிப்பில் கவனம் சிதறும் என்ற பயம் அதற்குக் காரணம். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. நேரம் உண்மையிலேயே குறைவுதான். ஆனால் உயர்தரப் பரீட்சையில் முதல் வினா பிழைத்தாலும் கலங்காமல் இரண்டாவது வினாவுக்குப் போகத் தெரிந்தவளுக்கே மூன்று மணித்தியாலம் போதும். அதை எந்தப் பிரத்தியேக வகுப்பிலும் கற்பிப்பதில்லை. வாரத்தில் இரண்டு பின்னேரங்களாவது எங்களை மைதானத்துக்கு விடுங்கள். அங்கே எங்களுக்குக் கவனத்தையும் பழக்கச் சொல்லிப் பாடசாலையைக் கேளுங்கள்.