சர்வே கல்லுக்குத் தெரியாத கோடு

பட்டணத்தில் இருந்து படிக்கிற நண்பர்கள் என்கிட்ட அதிகம் கேக்குற கேள்வி இதுதான்: "அண்ணா, உங்க தர்மபுரி பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கலாம்னு இருக்கேன். ஆயிரம் அடி போர் போட்டா தண்ணி வந்துடும்ல?"

வரலாம். வராமலும் போகலாம். அடிக்கும் தண்ணிக்கும் நீங்க நினைக்கிற சம்பந்தம் எங்க பக்கத்துல கிடையாது. அது ஏன்னு இன்னைக்குக் கொஞ்சம் விவரமா எழுதறேன். எங்க ஊர் மாதிரி பாறை பூமியில, போர் தண்ணியைத் தனி ஆள் சொத்துன்னு வெச்சிருக்கறது சரியில்லைங்கறது என் கருத்து. அந்தக் கருத்துக்குக் காரணம் பாறைக்குள்ளதான் இருக்கு.

நிலத்துக்கு அடியில ஏரி மாதிரி தண்ணி தேங்கி நிக்குது, குழாய் விட்டா எட்டிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தஞ்சாவூர் டெல்டாவுல ஆறு கொண்டுவந்து கொட்டின மணல் இருக்கு. மணலுக்கு நடுவுல இருக்கற சந்துல தண்ணி பரவி நிக்கும். தமிழ்நாட்டுல நாலுல மூணு பங்குக்குக் கிட்ட அப்படி இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், கோயமுத்தூர் எல்லாம் கெட்டிப் பாறை. மேல கொஞ்சம் மண், அதுக்குக் கீழ சரளையும் மக்கின பாறையும், அப்புறம் முழுப்பாறை. முழுப்பாறை தண்ணி குடிக்காது. அதுல இருக்கற விரிசல்லதான் தண்ணி போகணும், அங்கதான் நிக்கணும். ரிக் வண்டிக்காரங்க அதைக் 'கேப்' என்பாங்க, எங்க அப்பா காலத்துல 'ஊத்துக்கண்' என்பாங்க. ஆறரை இஞ்சு ஓட்டை அந்தக் கண்ணைக் குத்தினா தண்ணி. அரை அடி தள்ளிப் போனாலும் புகைதான்.

எல்லா விரிசலும் ஒரே மாதிரியும் இல்லை. பாறை எப்பவோ ஒடஞ்சு, ஒடஞ்ச ரெண்டு பக்கமும் ஒன்னோட ஒன்னு உரசி நகர்ந்திருந்தா அதைப் பிளவுப் பெயர்ச்சின்னு சொல்றாங்க. இதைப் புரிஞ்சுக்கப் பழைய திருகையை நினைச்சுக்குங்க. ரெண்டு கல்லுக்கு நடுவுல ராகி மாவாகுது இல்லையா, பூமிக்குள்ளயும் அதேதான். உரசற நடு இடத்துல பாறையே அரைபட்டு மாவாகி, காலப்போக்குல களிமண்ணா ஆயிடும். ஏரிக்கரைக்கு நடுவுல களிமண் வெச்சு இடிச்ச மாதிரி, தண்ணி அதைத் தாண்டாது. ஆனா அந்த மாவுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பாறை நொறுங்கி விரிசல் விரிசலா கிடக்கும். அதுல தண்ணி சுலபமா ஓடும். அதனால ஒரே பிளவு நீளவாக்குல வாய்க்காலாவும் குறுக்குவாக்குல கரையாவும் இருக்கும். சில இடத்துல வெள்ளைக்கல்லு வளர்ந்து விரிசலையே அடைச்சிருக்கும். அப்ப வாய்க்காலும் இல்லை.

எங்க மாவட்டத்துல இன்னொன்னும் உண்டு. பாறை விரிஞ்ச இடத்துல அடியில இருந்து குழம்பு ஏறி உறைஞ்சுபோன கருங்கல் சுவர். டோலரைட் என்பாங்க. மேல பார்த்தா கரட்டுல கருப்புப் பாறாங்கல்லு கோடு போட்ட மாதிரி வரிசையா போகும். அதை வெட்டி மெருகு போட்டுக் கருப்பு கிரானைட்னு விக்கறாங்க. உங்க வீட்டு அடுப்படி மேடைக் கல்லு எங்க பக்கத்துல இருந்து வந்ததாக்கூட இருக்கலாம். அந்தச் சுவர் கெட்டியா இருக்கற இடத்துல பூமிக்குள்ள அணை கட்டின மாதிரிதான். தண்ணி வர்ற பக்கம் தேங்கும், மறுபக்கம் காயும்.

எங்க ஊர்லயே பார்க்கலாம். வண்டிப்பாதைக்கு மேற்கால ஒரு தோட்டத்துல 240 அடியில ரெண்டு இஞ்சு தண்ணி. பாதைக்குக் கிழக்கால, கூப்பிடு தூரத்துல, 900 அடி ஓட்டியும் புகை. ரெண்டுக்கும் நடுவுல அந்தக் கருங்கல் வரிசை போகுது. கிழக்குத் தோட்டத்துக்காரருக்கு இன்னும் வட்டி ஓடுது. மேற்குத் தோட்டத்துக்காரர் அவரை விட உழைப்பாளியும் இல்லை, புண்ணியவானும் இல்லை. கல்லு அந்தப் பக்கம் இருந்துச்சு, அவ்வளவுதான்.

"இன்னும் ஆழமா போனா கிடைக்காதா?" என்பீங்க. ஆழம் போகப் போக மேல இருக்கற பாறையோட பாரம் விரிசலை இறுக்கிடும். ஆழத்துல நல்ல கேப் கிடைச்சவங்களும் இருக்காங்க, ஆனா அது அரிது. அப்படிக் கிடைக்கிற தண்ணி பாறையோட ரொம்ப காலம் கிடந்த தண்ணி. எங்க மாவட்டத்துப் பிள்ளைகள் பல்லுல பழுப்புக் கறை ஏறினது தண்ணியில இருந்த ஃப்ளோரைடாலதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததுக்கு முக்கியமான காரணமே அது.

இப்ப சட்டத்துக்கு வரேன். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் 7ஆவது பிரிவுல ஒரு உதாரணம் இருக்கு. நிலத்துக்கு அடியில், வரையறுத்த ஓட்டமா போகாத தண்ணியை நிலத்துக்காரர் தன் எல்லைக்குள்ள எடுத்துக்கலாம்னு அது சொல்லுது. இன்னைக்கும் ஒருத்தர் "என் நிலம், என் போர்"னு சொல்றாருன்னா அதுக்குப் பின்னாடி நிக்கறது இந்த வரிதான். அதுக்கு முன்னாடி 1843ல இங்கிலாந்துல ஒரு வழக்கு. பக்கத்துல நிலக்கரிக் குழி தோண்டினதால ஒரு பஞ்சாலைக்காரர் கிணறு வத்திப்போச்சு. ஆலைக்காரர் தோத்தார். பூமிக்குள்ள தண்ணி எப்படிப் போகுதுன்னு யாருக்கும் தெரியாது, அதனால ஆத்துத் தண்ணிக்கு இருக்கற நியாயம் அதுக்குப் பொருந்தாதுங்கற யோசனை அன்னைக்கு இருந்தது.

அன்னைக்குத் தெரியாதது இன்னைக்குத் தெரியும். விரிசல் எந்தத் திசையில போகுதுன்னு செயற்கைக்கோள் படத்துல கோடா தெரியுது. மின்தடை ஆய்வு பண்ணிப் பார்க்க வேளாண் பொறியியல் துறையில ஆள் இருக்காங்க. பாறை பூமியில தண்ணி போறது பெரும்பாலும் கோட்டுலதான். அப்ப "வரையறுத்த ஓட்டம் இல்லாத தண்ணி"ங்கற வார்த்தை எங்க பூமிக்கு எப்படிப் பொருந்தும்? அந்தக் கோடு சர்வே கல்லைப் பார்த்து வளையறது இல்லை. அதே கோட்டுல அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒருத்தர் பெரிய மோட்டார் போட்டா என் போர் வத்தும். கோட்டுக்கு வெளிய, 50 மீட்டர் பக்கத்துல இருக்கற போர் அசையாது. கிணத்துக்குக் கிணறு இத்தனை மீட்டர் தள்ளி இருக்கணும்னு வங்கிக் கடனுக்கு விதி வெச்சிருக்காங்க. மணல் பூமிக்கு அது சரி. எங்களுக்கு மீட்டரைக் காட்டிலும் கோடு முக்கியம். நிலத்தடி நீருக்குன்னு தமிழ்நாட்டுல 2003ல ஒரு சட்டம் போட்டாங்க. நடைமுறைக்கே வராம 2013ல ரத்தும் ஆயிடுச்சு.

பகிர்ந்துக்கறது எங்களுக்குப் புதுசு இல்லை. பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்க. "கிணற்றில் நாலில் ஒரு பங்கு"ன்னு எழுதியிருக்கும். கவலை ஓட்டின காலத்துல முறை வெச்சாங்க, கரண்ட் மோட்டார் வந்த பிறகும் முறை வெச்சாங்க. தகராறு இல்லாம இல்லை, மண்டை உடைஞ்சதும் உண்டு. ஆனா தண்ணி பொதுங்கறதுல தகராறு இல்லை, யாரு முறைங்கறதுலதான். போர் வந்த பிறகு அந்தப் பங்கு காணாம போச்சு. கிணத்துல தண்ணி எறங்கறது எல்லார் கண்ணுக்கும் தெரியும். போருக்குள்ள யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியாததால பங்கும் கேக்கலை.

இதுக்கு எதிர்ப்பேச்சு உண்டு, அதுலயும் நியாயம் இருக்கு. "அஞ்சு லட்சம் கடன் வாங்கிப் போட்டவன் நான். மூணு போர் புகையா போனப்போ எவனும் பங்குக்கு வரலை. நாலாவதுல தண்ணி வந்ததும் எல்லாருக்கும் பொதுவா?" என்பார் ஒருத்தர். அவர்கிட்ட இருக்கறதைப் பிடுங்கச் சொல்லலை. மத்தவங்க அதே மூணு லட்சத்தைப் புகையில விடாம இருக்கவும், அவர் போரே நாளைக்கு வத்தாம இருக்கவும் வழி இருக்குன்னுதான் சொல்றேன்.

முதல்ல, ஊருக்கு ஒரு போர் நோட்டு வேணும். எந்த நாள் போட்டது, கேசிங் எத்தனை அடி, எந்த அடியில கேப், எத்தனை இஞ்சு தண்ணி. புகையா போனதையும் எழுதணும், அதுதான் ரொம்ப முக்கியம். இந்த விவரமெல்லாம் போர் போடற அன்னைக்கு ரிக் ஆளுங்களுக்குத் தெரியும். மறுநாள் வண்டியோட போயிடும். அம்பது போர் விவரத்தை ஒரு வரைபடத்துல குறிச்சா, தேங்காய் வெச்சுப் பார்க்கறதைவிடத் தெளிவா கோடு தெரியும். ஊராட்சி ஆபீஸ்ல ஒரு நோட்டு போதும்.

ரெண்டாவது, ஒரே கோட்டுல இருக்கறவங்க ஒன்னா உக்காந்து பேசணும். புதுசா ஒரு போர் போடறதுக்குப் பதிலா, இருக்கற போர்ல நேரம் பிரிச்சுக்கலாம். எத்தனை குதிரைசக்தி மோட்டார்னு ஒத்துக்கலாம்.

மூணாவது, கசிவுநீர்க் குட்டையைப் புறம்போக்கு எங்க இருக்குன்னு பார்த்து வெட்டறதை நிறுத்தணும். கருங்கல் சுவருக்குத் தப்பான பக்கம் வெட்டினா, நாம நம்பியிருக்கற கிணத்துக்கு ஒரு சொட்டு வராது. கோடு தெரிஞ்சு வெட்டினா சின்னக் குட்டையே போதும்.

நிலம் வாங்க வர்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க கையில காசு இருக்கு, ஒரே வாரத்துல நாலு போர் போட முடியும். அதுல ஒன்னு எங்க கோட்டைக் குத்தினா, ஒரு வருஷம் கழிச்சு பத்து வீட்டு மாடு தண்ணிக்கு அலையும். சட்டப்படி அது உங்க தப்பு ஆகாது. கக்கூஸ் குழியையும் பார்த்து வெட்டுங்க. மணல்ல போற தண்ணி வடிகட்டி வரும், விரிசல்ல போற தண்ணி அப்படியே வரும். உங்க குழியும் பக்கத்து வீட்டுப் போரும் ஒரே விரிசல்ல இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி பத்திரம் பார்க்கற மாதிரி, சுத்தி இருக்கற பத்து தோட்டத்துல போய் எத்தனை அடியில தண்ணி, எத்தனை போர் புகைன்னு கேளுங்க. கேட்டதை எழுதி அந்த ஊர்லயே ஒரு பிரதி கொடுங்க. போர் நோட்டோட முதல் பக்கம் அப்படி உங்க கையாலயே ஆரம்பிச்சாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்.